பக்க மொட்டு

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது உங்களில் மூத்தவன் கேட்டான்: "ஆண்டவருக்கு நம்ம மேல அம்புட்டு அன்புன்னா, அக்காவ எதுக்குப்பா சாக விட்டாரு?" நான் குனிந்து செருப்புச் சேற்றைத் தட்டுவதுபோல் பாவனை செய்துவிட்டு நடந்தேன். அப்பாவுக்குப் பதில் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் கொடைக்கானலிலேயே மிகச் சிறந்த பதிலை வைத்திருந்தவன் நான்தான். அது எப்படி என் கையைவிட்டுப் போனது என்று எழுதிவைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அப்போது நீங்கள் யாரும் பிறக்கவில்லை. அக்காவுக்கு நாலு வயது. நான் இதே மிஷன் பங்களாவில் தோட்டக்காரன். சீசனில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு எங்கள் துரைசாணி டேலியா அனுப்புவாள். டேலியா ஒரு காம்பின் நுனியில் மூன்று மொட்டு விடும். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எறிந்துவிட வேண்டும். அப்போதுதான் சத்தெல்லாம் நடு மொட்டுக்குப் போய், பூ சோற்றுத் தட்டு அகலத்துக்கு விரியும். கிள்ளுவது நான், பரிசுக் கோப்பை வாங்குவது அவள்.

இதை ஒருநாள் ஜெபக்கூட்டத்தில் உதாரணமாகச் சொல்லிவைத்தேன். ஆண்டவரும் ஒரு தோட்டக்காரர், ஒன்றைக் கிள்ளுவது இன்னொன்று செழிக்கத்தான் என்று. எங்கள் சபை உபதேசியார் அப்படியே உருகிவிட்டார். அதிலிருந்து எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார். இரண்டாவது பாட்டு முடிந்து வரக்காப்பி வருவதற்கு முன்னால் என் முறை. "தம்பி, அந்த டேலியாவச் சொல்லுங்க" என்பார். நான் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் கிள்ளிக் காட்டுவேன். அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தேன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். பூரித்துப்போய் மறுபடியும் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது என்று வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது.

வில்பட்டியில் ஒரு விதவை. உருளைக்கிழங்கு போடுகிறவள். இரண்டு மகன்களில் சின்னவன் மண் வெட்டும்போது மேடு சரிந்து மண்ணுக்குள் போய்விட்டான். அங்கேயும் போனோம். அங்கேயும் கிள்ளிக் காட்டினேன். அந்தம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப எம் மகன் பக்க மொட்டுங்களாய்யா?"

"இல்லம்மா, அது ஒரு உதாரணத்துக்கு..."

"மூத்தவன் பெரிசாப் பூக்கணும்னு சின்னவனக் கிள்ளிட்டாரா? அந்தா நிக்கிறான் மூத்தவன். அவங்கிட்டச் சொல்லிப் பாருங்க."

உபதேசியார் அவசரமாக மூன்றாவது பாட்டைத் தொடங்கினார். திரும்பி வரும் வழியில், "அந்தம்மாவுக்கு விசுவாசம் பத்தாது தம்பி" என்றார். "ஆமாங்க" என்றேன். அந்த ஆமாங்க இன்னும் என் தொண்டையில்தான் கிடக்கிறது.

அடுத்த மார்கழியில் அக்காவுக்குத் தொண்டை வீங்கியது. கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா முடிந்ததெல்லாம் செய்தார். மூன்றாம் நாள் அதே கம்பளியில் திரும்பக் கொண்டுவந்தேன்.

உங்கள் அம்மா அழவில்லை. அடுப்பு ஓரத்தில் அக்காவின் கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. பொழுது சாய்ந்து நான் ஜெபத்துக்கு விளக்கை வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். "என்னயக் கூப்பிடாதீங்க. அவரு மொகத்துலயே முழிக்கப் புடிக்கல" என்றாள். பிள்ளை போயாகிவிட்டது, இவளும் போய்விடுவாள் போலிருக்கிறதே என்று பயந்தேன்.

இந்த நிலையில்தான் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். முதலில் அய்யம்பாளையத்திலிருந்து உங்கள் பெரியப்பா. பஸ்ஸில் வாந்தி எடுத்த முகத்தோடு வந்து உட்கார்ந்ததும் விசாரணையைத் தொடங்கினார்.

"ஏலே, ஞாயித்துக்கெழம செடிக்குத் தண்ணி ஊத்துனியா இல்லையா?"

"ஊத்துனேன். வெயிலு ஏறுறதுக்குள்ள எலையில கெடக்குற பனியக் கழுவணும்ணே. இல்லாட்டி கருகிப்போகும்."

"அந்தா! அதுக்குத்தான் அடிச்சிருக்காரு."

"பனி ஞாயித்துக்கெழம பாத்து லீவு எடுக்குதாண்ணே?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றியவனை விட்டுவிட்டு, ஊற்றாத குழந்தையை எதற்கு அடிப்பார் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்து வந்த ஒரு டீச்சரம்மா, பரலோகப் பாடகர் குழுவில் சின்னப்பிள்ளைக் குரல் குறைந்திருக்கும், அதனால்தான் அழைத்துக்கொண்டார் என்றார். வந்தவர்கள் முன்னால் அன்றைக்குத்தான் உங்கள் அம்மா வாயைத் திறந்தாள். "எம் புள்ளைக்குப் பாடவே வராதுங்க."

கடைசியாக உபதேசியார் தம் கூட்டத்தோடு வந்தார். முதல் பாட்டு ஆயிற்று. இரண்டாவது பாட்டும் ஆயிற்று. பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் எழவில்லை. பிறகு அவரே எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டேலியாவைச் சொன்னார். என் டேலியாவை என்னிடமே! கட்டைவிரலை உயர்த்திக் கிள்ளியும் காட்டினார். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாகவே சொன்னார்.

உங்கள் அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தில் பச்சைக் கறை இருந்தது.

"இது நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று என்னைக் கேட்டாள். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். "நம்ம புள்ளயக் கிள்ளுனதுல யாருங்க பெரிசாப் பூக்கப் போறது? நீங்களா, நானா?" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். வரக்காப்பியைக் குடித்தும் குடிக்காமலும் எல்லோரும் கிளம்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து வில்பட்டி அம்மா வந்தாள். நடந்தே ஏறி வந்திருக்கிறாள். முந்தானையில் கொஞ்சம் உருளைக்கிழங்கு. என் உதாரணத்தை என்னிடமே திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். கொடுத்திருக்கலாம், நியாயம்தான். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொளகில் அரிசி கிடந்தது. கல் பொறுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அம்மா கையும் சொளகுக்கு வந்தது. இரண்டு பேரும் கல் பொறுக்கினார்கள். பாட்டு இல்லை, வசனம் இல்லை.

பிறகு அந்தம்மா சொன்னாள்: "எம் மகனுக்குக் காலு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுச்சு தாயி."

உங்கள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அலறினாள். அத்தனை நாள் வராத அழுகை. அவளும் சேர்ந்து அழுதாள். அரிசி தரையெல்லாம் சிதறியது. அழுது ஓய்ந்ததும் கிழங்கை அவித்து, உப்புத் தொட்டு, தன் கையாலேயே ஊட்டிவிட்டாள். உங்கள் அம்மா தின்றாள். போகும்போதுதான் அந்தம்மா என்னிடம் பேசினாள்.

"நாளைக்கும் வாரேன்யா. நீங்க மட்டும் ஒண்ணும் பேசிறாதீங்க."

பேசவில்லை. யோசிக்க மட்டும் செய்தேன். வேதாகமத்தில், ஆண்டவர் செத்துப்போன தம் நண்பனின் கல்லறைக்கு வந்தபோது, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போவது அவருக்குத் தெரியும். கூடியிருந்தவர்களுக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் அழுதார். அவரே சிலுவையில் தொங்கியபோது, ஏன் கைவிட்டீர் என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் அவருக்கு டேலியாவைச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பரலோகப் பிதாவே அன்று வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டுத் துக்கத்தில் அவரே பேசாதபோது, அடுத்தவர் வீட்டில் போய் அவருக்காகப் பேச எங்களை யார் கேட்டார்கள்? ஏன் விட்டார் என்பது எனக்குத் தெரியாது. அழுகிறவர்கள் பக்கத்தில் அவர் உட்காருகிறார் என்பது தெரியும். வில்பட்டியிலிருந்து நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பல வாரம் கழித்து ஒரு சாயங்காலம், விளக்கை வைத்ததும் உங்கள் அம்மா வந்து பின்னால் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. "வந்திருக்கேன், அம்புட்டுத்தான். அவருகிட்ட நான் கேக்க வேண்டியது நெறையக் கெடக்கு" என்றாள். எங்கள் வீட்டில் நான் கேட்ட ஜெபங்களில் அதைவிட நேர்மையானது இல்லை.

உபதேசியாரிடம், இனித் துக்க வீடுகளுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு என்னைவிட்டாலும் டேலியாவை விட மனசில்லை.

"உதாரணம் நல்லாத்தானே தம்பி இருக்கு?"

"நான் கிள்ளுனது கோப்பைக்காகங்க. ஆண்டவரு எந்தக் கண்காட்சிக்குப் போறாரு?"

அந்தச் சித்திரையில் டேலியா மொட்டு விட்டது. மத்தியானம் மேகம் இறங்கி, பங்களாவே தெரியவில்லை. தோட்டத்தில் நான் மட்டும்தான். சம்பளத்துக்குச் செய்கிற சோலி, வரிசையாகக் கிள்ளிக்கொண்டே போனேன். சுவரோரம் கடைசிச் செடியில் நகத்தை வைத்தவன் கிள்ளாமல் கையை எடுத்துவிட்டேன். மூங்கில் குச்சி ஒன்றை மெல்லியதாகச் சீவி, பக்க மொட்டின் அருகே ஊன்றி, சாக்குச் சணலில் ஒரு இழை உரித்து, அதன் காம்பை இறுக்காமல் கட்டினேன்.