அண்ணன் தேய்த்த ஹெட்

என் வீட்டுக்காரரோடு நான் பேசுவதில்லை. வேளைக்குச் சோறு போடுகிறேன், துணி துவைத்து மடித்து வைக்கிறேன், அத்தோடு சரி. "போயும் போயும் ஒரு காருக்காகவா புருஷன்கிட்ட இவ்வளவு வீம்பு?" என்று நாத்தனார் கேட்கிறாள். காருக்காக யாரம்மா வீம்பு பிடித்தது? என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் அவள் இப்படிக் கேட்கமாட்டாள்.

அண்ணன் மெக்கானிக். பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே இரண்டு கார் நிற்கும், மூன்றாவது வந்தால் தெருவில்தான். ஆளுக்கு வாய் கம்மி. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "பிரிச்சுப் பாத்துடலாம்" என்பான். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். வீட்டு மிக்சி, சுவர்க் கடிகாரம், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. "இந்த மனுஷன் இத்தன வருஷமா என்னைப் பிரிக்காம விட்டதே பெரிசு" என்பாள் அண்ணி.

அவனுக்கு உயிர் என்றால் ஹெட் வேலைதான். எஞ்சினின் மேல் பாதிக்கு ஹெட் என்று பெயர். காற்றும் பெட்ரோலும் உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் அதிலுள்ள வளைந்த துளைகள் வழியாகத்தான். கம்பெனியிலிருந்து வரும்போது அந்தத் துளைகள் உள்ளே சொரசொரவென்று இருக்கும். அண்ணன் சின்ன கிரைண்டரை விட்டுத் தேய்ப்பான், விரலை விட்டுத் தடவுவான், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவான், மறுபடி தேய்ப்பான். "எஞ்சின் சின்னதா இருந்தா என்ன பாப்பா, நல்லா மூச்சு விட்டா நல்லா ஓடும்" என்பான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான்.

கார் என்னுடையது. ஆஸ்பத்திரி லேபில் ஊராருக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். என் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் விற்கிறவர். நாள் முழுக்க ஊர் ஊராகக் கார் ஓட்டுகிற வேலை. ஓட்டத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை நான் மறுக்கமாட்டேன். மச்சானும் மாப்பிள்ளையும் கூடிப் பேசி என் கார்மேல் கையை வைத்தார்கள். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கினார்கள். சைலன்சரை மாற்றினார்கள், தெருவே எழுந்து உட்கார்ந்தது. எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். சந்தையிலிருந்து வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் என் வெங்காயமெல்லாம் பின்னால் உருண்டோடும். வாரம் முழுக்க நான் அதில் வேலைக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்ட, அது ரேஸுக்குப் போகும்.

அந்த ரேஸில் சின்ன கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், கம்பெனி கொடுத்த எஞ்சினின் அளவை மட்டும் கூட்டக்கூடாது. அண்ணனுக்கு அந்த விதியை ரொம்பப் பிடிக்கும். பெரிய எஞ்சினைத் தூக்கிப் போட்டால் எவன் வேண்டுமானாலும் பறக்கலாம், இதை வைத்துக்கொண்டு ஜெயித்தால்தான் கைக்கு மரியாதை என்பான். ஆனால் எங்கள் கார் ஐந்தாவது, ஆறாவது என்றுதான் வந்துகொண்டிருந்தது. அதனால் வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்தக் காருக்கென்று ஒரு புது ஹெட்டைத் தேய்த்தான். "இதுல ஓடலன்னா என் கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறான்.

தேய்த்து முடித்த மறுநாளே, வாழ்க்கையில் பாதி நாள் வண்டிக்கு அடியில் படுத்தும் ஒரு கீறல் வாங்காதவன், குளியலறையில் சோப்பில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கையில் மாவுக்கட்டு.

"ஹெட்ட என்கிட்ட குடுங்க மச்சான். தெரிஞ்ச பட்டறையில போட்டுக்கறேன். நீங்க கையப் பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். என்ன ஒரு பாசம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. என் புத்தியை என்ன சொல்வது!

கட்டுப் பிரித்ததும் அண்ணன் அந்தக் காரை எடுத்தான், பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டு. டிப்போ வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் என்னை சீட்டோடு சீட்டாக அழுத்திவிட்டது. அண்ணன் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அழுகிறானோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கும் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது அவனே சொன்னான். "ஹெட் வேலை செஞ்சா வண்டி ஓட்டம் பிடிச்ச பிறகுதான் இழுக்கணும். இது எடுத்த எடுப்புலயே இழுக்குது மாப்ளே. எப்படின்னே புரியல." பிறகு அவனே ஒரு காரணம் கண்டுபிடித்தான். துளையில் தான் கொடுத்த புது வளைவினால் காற்று சுழன்று போகிறதாம், அதனால்தானாம். ரொட்டித் துண்டைச் சுருட்டி, விரலை விட்டுச் சுற்றிக் காட்டினான். என் வீட்டுக்காரர், "அப்படித்தான் மச்சான் இருக்கும்" என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

உலகத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவன் அந்த ஒரு எஞ்சினை மட்டும் பிரிக்கவில்லை. ஜெயிக்கிற எஞ்சினில் யார் கை வைப்பார்கள்?

ஆம், ஜெயித்தது. வரிசையாக ஜெயித்தது. பட்டறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மருந்துக் கடைக்காரத் தம்பி ஒருவன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா ஒருத்தி, இன்னும் சிலர். எல்லோரிடமும் அதே சின்ன கார், எல்லோருக்கும் அதே ஹெட் வேண்டும். அண்ணன் அதே அளவு, அதே வளைவு வைத்துத் தேய்த்துப் போட்டுக் கொடுத்தான். வாங்கினவர்கள் சந்தோஷமாகத்தான் ஓட்டினார்கள். இவனுக்குத்தான் நிம்மதி இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள வண்டி மாதிரி இல்லையே" என்று திரும்ப வாங்கிப் பிரித்தான். இன்னும் கொஞ்சம் தேய்த்தான். வண்டி முன்னைவிட மந்தமானது. இன்னும் தேய்த்தான். காசும் வாங்கவில்லை. சோறு இறங்கவில்லை. "கை முறிஞ்சதுல எதோ போயிடுச்சு பாப்பா. முன்னாடி வந்தது இப்ப வரமாட்டேங்குது" என்று விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்வான். அவன் இளைத்துப்போவதை என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் பார்த்தார். "கவலப்படாதீங்க மச்சான், வந்துடும்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போன ரேஸில் இரண்டாவதாக வந்தவன் புகார் கொடுத்தான். எஞ்சின் அளவில் சந்தேகமாம். அண்ணனுக்கு வந்ததே கோபம்! ஓர் ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன், கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று கத்தினான்.

"யாரும் கை வைக்க வேணாம். நானே பிரிக்கறேன். எல்லாரும் வந்து பாருங்க!"

என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மச்சான். கப்பைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடலாம். எதுக்கு வம்பு?"

"உங்களுக்குப் பெரிய மனசு மாப்ளே. எனக்கு இல்ல" என்றான் அண்ணன்.

ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். ஹெட்டைத் தூக்கினான். கீழ் பாதியான பிளாக்கில் பிஸ்டன் ஓடுகிற நான்கு குழிகளும் தெரிந்தன. ரேஸ் அதிகாரி அளவுக் கருவியோடு குனிவதற்கு முன்பே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்டன்கள் அகலமாக இருந்தன. அதே கம்பெனியின் பெரிய காரில் வருகிற பிளாக் அது. வெளியே பார்த்தால் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்குமாம். எடுத்த எடுப்பிலேயே இழுத்தது அதனால்தான். மேல் பாதி அண்ணனுடையது, கீழ் பாதி திருட்டு. அண்ணன் ஹெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றான். கூட்டத்தில் ஒருவன், "கள்ளனே முன்னால வந்து கத்தறான் பாரு" என்றான். எனக்குப் பூமிக்குள் புதைந்துபோகலாம்போல் இருந்தது.

மறுநாள் காலை என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அந்த மருந்துக் கடைத் தம்பியின் ஹெட், மூன்றாம் தடவையாகப் பிரித்துப் போட்டது.

"உங்க பேரும்தானே மச்சான் வளந்துச்சு? நீங்களும் சந்தோஷமா இருந்தீங்களேன்னுதான் சொல்லல" என்றார் இவர். அவ்வளவு பேச்சையும் வழியிலேயே யோசித்து வைத்திருக்கிறார், மனுஷன்.

அண்ணன் ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. "மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நம்ம சின்ன எஞ்சின்ல என் ஹெட்டைப் போட்டு ஓட்டிப் பாத்தீங்க இல்ல? இழுக்கலன்னுதானே மாத்தினீங்க?"

இவர் தரையைப் பார்த்தார். "இல்ல மச்சான். போட்டுப் பாக்கல."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல."

அண்ணன் தன் முன்னாலிருந்த ஹெட்டின் துளைக்குள் விரலை விட்டான். சுற்றிலும் தடவினான். எவ்வளவு அகலமாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

"பாப்பா, இது முதல் தடவையே சரியாத்தான் இருந்திருக்கு. எல்லாமே சரியாத்தான் இருந்திருக்கு. இல்லாத ஒண்ணு மாதிரி வரணும்னு நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு நாசம் பண்ணிட்டேன்."

அந்த நேரம் பார்த்து மருந்துக் கடைத் தம்பி உள்ளே வந்தான். நடந்த எதுவும் அவன் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. "என்னண்ணே, இந்தத் தடவையாவது திருப்தியா?" என்று சிரித்தான்.

அண்ணன் எழுந்து நின்றான். "உக்காருங்க தம்பி. உங்க வண்டிய நான் கெடுத்துட்டேன். என் கையில வேலை சரியில்ல. புது ஹெட் வாங்கித் தந்துடறேன்."

என் வீட்டுக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். இப்போதாவது வாயைத் திறப்பார், தப்பு என்மேல்தான் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது அடிக்கவே இல்லை.