‘வாங்குக’ என்றொரு பொத்தான்

பதுளையில் என் வீட்டுத் தொலைக்காட்சியில் எனக்கென்று ஒரு படம் இருந்தது. ‘வாங்குக’ என்ற பொத்தானை அழுத்திக் காசு கட்டி வாங்கிய படம். தீபாவளிக்குக் கொஸ்லந்தயிலிருந்து அக்கா வந்தபோது அவளுக்குப் போட்டுக் காட்டலாமென்று தேடினால், படத்தைக் காணோம்.

படத்தை விற்ற கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பதிலில் தேன் ஒழுகியது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, நீங்கள் பெற்றது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. படம் உங்களுடையதல்ல.’

இதே பேச்சைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் அப்பா தகரம் போட்டு ஓர் அடுப்படி இறக்கியிருந்தார். தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். “குடியிருக்கத்தான் குடுத்திருக்கு. ஒனக்குச் சொந்தம்னு யாரு சொன்னா?” என்று கேட்டுக்கொண்டே தகரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கம்பெனிக்காரர்கள் ‘அன்புள்ள’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தூ!

பண்டாரவளைக் கடையொன்றில் தேடிப்பிடித்து அதே படத்தின் புளூரே டிஸ்க்கை வாங்கி வந்தேன். உறையில் கொட்டை எழுத்தில் என் பெயரை எழுதி அலமாரியில் வைத்தேன். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இத யாருங்க தூக்கிட்டுப் போகப் போறா?”

“போகட்டுமே. தூக்க வர்றவன் நம்ம கதவத் தட்டித்தானே ஆகணும்?”

அடுப்படியைப் பிரிக்க வந்த அந்தப் பாவிகள்கூடக் கதவைத் தட்டினார்கள்.