தொண்ணூற்றெட்டாவது கண்ணி

எங்களுக்குக் கல்யாணமான மறு வருடம், எழுபதுகளின் தொடக்கத்தில், என் கணவர் ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. ஆழ்வார்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை வெயிலில் தள்ளி வந்தவர் முகத்தில் இருந்த களையை, எனக்குத் தாலி கட்டிய அன்றுகூட நான் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓர் எஞ்சினியர். அடையாறு பாலத்தின் மேல் போகும்போது சங்கிலி அறுந்து பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. அவர் பிழைக்கவில்லை. அவருடைய மனைவியை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். மாமி வண்டியோடு ஒரு துணிப்பையும் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே அந்த அறுந்த சங்கிலி, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. பென்சிலால் 97 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

பையை ரேழியில் ஓர் ஆணியில் மாட்டினோம். அன்றோடு என் மதியத் தூக்கம் போயிற்று. இவர் வேலைக்குப் போன பிறகு, காற்றே இல்லாத இரண்டு மணிக்கு, பைக்குள் ஒரு கண்ணி இன்னொன்றின் மேல் சரிகிற சத்தம் கேட்கும். டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக். யாரோ பொறுமையாக எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி. எலி என்றார் இவர். எலி எண்ணுமா என்று கேட்டேன். பயமாகத்தான் இருந்தது, சொல்லிக்கொள்ள வெட்கம். இதே வண்டியில் இவர் தினமும் அதே பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகப் போகிறார் என்று நினைக்கும்போதெல்லாம் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

புதுச் சங்கிலி வாங்க நானும் கூடப் போனேன். மவுண்ட் ரோட்டுக் கடையில், "அஞ்சு நூலா, நாலு நூலா?" என்று கேட்டார்கள். கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரத்தை நூலில் சொல்வார்கள், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "அஞ்சு," என்றார் இவர். எத்தனை கண்ணி என்று கேட்டதும் சீட்டை நீட்டினார்.

"எஞ்சினியர் எழுதினது. தப்பா இருக்காது," என்றார்.

லஸ் பக்கத்து மெக்கானிக் அதை மாட்டிவிட்டு விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வீணைத் தந்தி மாரி நிக்குது? இந்த வண்டிக்குத் தொண்ணூத்தெட்டு லிங்க் சார். தொண்ணூத்தேழுன்னு எவன் சொன்னது? ஒத்தப்படையா வந்தா ஆஃப் லிங்க்னு ஒரு அரைக் கண்ணி போட்டாத்தான் முனை சேரும். அது தாங்காது."

பழைய சங்கிலியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் ஆஃப் லிங்க்தான் போட்டுக் கீது. பாரு சார், அங்கயேதான் அறுந்துக் கீது."

இவர் மறுநாளே தொண்ணூற்றெட்டு வாங்கி மாட்டினார். அது தொங்கியும் தொங்காமலும் சரியாக உட்கார்ந்தது. எனக்கு அந்த எஞ்சினியர் மேல் கோபம் கோபமாக வந்தது. எண்ணக்கூடத் தெரியாதவர் என்ன படித்துக் கிழித்தார் என்று செத்துப்போன மனிதரைத் திட்டினேன். பை மறுபடி ஆணிக்கே போயிற்று. மதியம் இரண்டு மணிக்கு டிக் நிற்கவில்லை.

அடுத்த வாரம், வண்டியை எங்கள் பேருக்கு மாற்றும் படிவத்தில் மாமியின் கையெழுத்து வேண்டியிருந்தது. நானே போனேன். உச்சி வெயிலில் தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. மாமி வீட்டுக் கேட்டைத் திறந்தபோது உள்ளே யாரோ எண்ணுகிற குரல் கேட்டது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே, பைக்குள் நான் கேட்ட அதே இடைவெளி. செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே போனேன்.

மாமிதான். சமையலறையில் தரையில் உட்கார்ந்து மூட்டையிலிருந்து அரிசி அளந்துகொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அடுத்த டின்னை இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு."

எங்கள் வீட்டிலும் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டோம், லாபம் என்றுதான் சொல்வோம். ஆனால் அந்த லாபம்தான் ஒன்று. அடுத்தது இரண்டு. என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன மாமி, லாபத்துக்கு அப்புறம் ரெண்டுன்னா வரணும்? ஒரு படி கணக்குல விட்டுப்போறதே," என்று சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்றெட்டை இப்படி எண்ணினால் தொண்ணூற்றேழுதான் வரும்.

மாமியின் கை படியோடு அப்படியே நின்றது.

"அந்தச் சீட்டுல இருந்த நம்பர் சரியா இருந்துதோ?" என்று மெதுவாகக் கேட்டார். "அவர் அந்த செயினை வாங்கறதுக்கு முன்னாடி, அதுக்கும் முந்தின பழைய செயினைத் தரையில நீட்டிப் போட்டுட்டு, நீ எண்ணிச் சொல்லு, நான் எழுதிக்கறேன்னார். நான்தான் எண்ணினேன்."

"சரியா இருந்துது மாமி," என்றேன். "கரெக்டா பொருந்தித்து."

மாமி என் முகத்தையே பார்த்தார். படிவத்தை எடுக்கிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன். அவர் டின்னைக் கவிழ்த்து, அதுவரை அளந்த அரிசியை மூட்டையிலேயே திரும்பக் கொட்டினார். படியை நிரப்பித் தலைதட்டினார்.

"ஒண்ணு," என்றார்.