இரண்டு தட்டு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் சிகிச்சை அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீல ஸ்ப்ரே டப்பா நிற்கிறது. அடிபட்ட இடத்தில் அடித்தால் சில்லென்று மரத்துப்போகும், அவ்வளவுதான் அதன் வேலை. காலாவதியாகி வருஷங்கள் ஆகிவிட்டன. புதிதாக வருகிறவர்கள் அதைக் காட்டி, "இத அடிச்சா சரியாயிடுமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். கிள்ளானில் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் குழுவுக்கு பிசியோவாக இருந்த காலத்தில், இந்த மாதிரி டப்பாக்களை அடிபடாத கால்களின் மேல்தான் நான் அதிகம் காலி செய்திருக்கிறேன்.

அந்தக் கால்கள் பெரும்பாலும் எங்கள் கேப்டனுடையவை. கம்போங் மேடான் அடுக்குமாடியில் வளர்ந்தவன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். பந்து அவன் காலுக்கு வந்தால் திடலே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு திறமை உள்ளவனுக்கு எதற்கு அத்தனை தில்லுமுல்லு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதிரணிக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு இவனே விழுந்து உருளுவான். ரெப்ரியை மூன்று மொழிகளில் திட்டுவான். பயிற்சிக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்து, முறைக்கிற கோச்சின் தோளிலேயே கையைப் போட்டுச் சிரிப்பான். ஜெயித்துக்கொண்டிருந்தவரை யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவனும் அவன்தான். குழுவின் சட்டையைக் கைக்குழந்தை அளவுக்குத் தைத்து எடுத்து வந்திருந்தான். அப்படிப்பட்டவனிடம் எப்படிக் கோபப்படுவது?

அந்த ஏற்பாட்டை அவன் சொன்னது உடைமாற்றும் அறையில், நான் அவன் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது. "டாக்டர், நாம லீடிங்ல இருக்கும்போது நான் விழுந்து தரைய ரெண்டு தட்டு தட்டுனா, அது சும்மா. ஓடி வந்துறாதீங்க லா. அன்ன நட நடந்து வாங்க, நேரம் ஓடட்டும். ஷூ லேஸ் அவுந்துருச்சுன்னு நடுவுல ஒரு தடவ குனிங்க." நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேப்டனைப் பகைத்துக்கொண்ட பிசியோவுக்கு அடுத்த சீசனில் ஒப்பந்தம் இருக்காது. அதைவிட வெட்கக்கேடு, அந்த நடை எனக்கு நன்றாக வந்தது. எதிரணி ரசிகர்கள் என்னை ஆமை என்று கத்துவார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே இன்னும் மெதுவாக நடப்பேன். மூன்று சீசன்கள் இப்படியே ஓடின.

அன்றைக்கு ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய இன்னும் பத்து நிமிஷம்தான். எதிர்ப்பக்க மூலையில் பந்துக்குத் தாவிய கேப்டன் தனியாகவே விழுந்தான், யாரும் அவனைத் தொடவில்லை. முஷ்டியால் தரையைத் தட்டினான். ஒன்று, இரண்டு. சரி, சும்மாதான் என்று பையை எடுத்துக்கொண்டு நின்றேன். ரெப்ரி அனுமதிக்காமல் பிசியோ திடலுக்குள் கால் வைக்கக்கூடாது. முந்தின ஆட்டத்தில் இவன் உருண்ட உருளலை நம்பி ஏமாந்த அதே ரெப்ரிதான் அன்றும். அவர் உடனே திரும்பவில்லை. ஒருவழியாகக் கையைக் காட்டியதும் நான் நடந்தேன். பாதித் திடலில் குனிந்து, அவிழாத லேஸை அவிழ்த்து நிதானமாகக் கட்டினேன்.

நிமிர்ந்தபோது அவன் இன்னும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். எத்தனை முறை தட்டியிருப்பானோ, நான் இரண்டோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன், "பாங்குன் லா! எழுந்திரு, ஷோ போதும்!" என்று அவன் கையைப் பிடித்துத் தூக்கினான். ரெப்ரியும் எழுந்திரு என்றுதான் சைகை காட்டினார். உடல் எடை முழுக்க அந்தக் காலில் இறங்கியது. முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. அவன் அலறிய அலறலுக்குப் பிறகுதான் நான் ஓடினேன். அருகில் போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், நெசம். இது நெசம்" என்றான். கையில் டப்பா இருந்தது. அந்தக் காலில் அதை எங்கே அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விழுந்தபோது தசைநார் எவ்வளவு கிழிந்தது, தூக்கியபோது எவ்வளவு கிழிந்தது என்று அறுவைச் சிகிச்சை செய்தவரிடம் கேட்டேன். அதையெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். கேப்டன் அதற்குப் பிறகு ஆடவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதுமில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்த சீசனில் புதிய கேப்டன் வந்து அதே ஏற்பாட்டைக் கேட்டான். அன்றே வேலையை விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை, இன்னும் ஒரு சீசன் நடந்தேன்.

இப்போது அவன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, ரயிலேறி என்னிடம் வருவான். மாடிப்படியை ஒவ்வொன்றாகத்தான் ஏற முடிகிறது. முழங்காலை மடக்கும்போது, "வலிக்குதா கேப்டன்?" என்று கேட்பேன். "இல்ல டாக்டர்" என்பான். நெற்றியில் வேர்த்திருக்கும்.

போன ஞாயிறு சிகிச்சை முடிந்து கீழே தே தாரிக் டீ குடிக்கப் போனோம். கடைத் தொலைக்காட்சியில் முந்தின நாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் விழுந்தான். காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "அடேய், ஆஸ்காரு குடுங்கடா இவனுக்கு!" என்று பக்கத்து மேசையில் ஒருவர் கத்த, கடையே சிரித்தது. டீ கலக்குகிற அண்ணனும் சிரித்தார்.

கேப்டன் சிரிக்கவில்லை. "நடிப்பா, நெசமா டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டான்.

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். இத்தனை வருஷம் இதே தொழில். "தெரியல கேப்டன்" என்றேன்.

திரையில் அந்தக் குழுவின் பிசியோ திடலுக்குள் வந்தான். தோளில் பை, கையில் ஒரு நீல டப்பா. நடந்துதான் வந்தான்.

கேப்டனின் கை மேசைக்கடியில் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஓடு லா. டேய், ஓடு."