ஆக்சிலில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

அது மஞ்சள்தான். எங்கள் அடுப்படி டப்பாவிலிருந்து நானே எடுத்துக் கொடுத்த மஞ்சள். செய்வினை வைத்தாள் என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிகிறவர்கள் என் பேத்தி தங்கமயிலைப் பற்றி என்னிடம் வந்து கேட்கட்டும். குழாயடியில் கேட்க வேண்டாம்.

மும்பைக்கு வெளியே அம்பர்நாத்தில் அஷ்வத் என்று ஒருவர், மலையிலும் பாறையிலும் ஓட்டுகிற லாரிகளைத் தன் ஷெட்டில் கட்டுகிறார். ஒரு லாரியின் பின் சக்கரங்களைச் சுழற்றுகிற ஆக்சில் அடிபட்டு உள்ளே பல்சக்கரத்தில் பல் உடைந்துவிட்டது. அதைச் சரியாகக் கட்டிக் கொடுத்தால் ஷெட்டிலேயே வேலை என்று, மெக்கானிக் வேலை பழகியிருந்த தங்கமயிலிடம் சொன்னார். அவள் அதற்காகத்தான் உயிரைக் கொடுத்து உழைத்தாள். லாரி தாராவிச் சந்துக்குள் நுழையாது. ஆக்சிலை மட்டும் தொண்ணூறு அடி ரோடு வரை டெம்போவிலும், பிறகு தள்ளுவண்டியிலும் கொண்டுவந்து எங்கள் கீழறையில் இறக்கினார்கள். நாங்கள் மேலறையில் இருக்கிறோம்.

உள்ளே இரண்டு பல்சக்கரம். ஒன்றையொன்று பல்லின் நடுவில் கடிக்க வேண்டுமாம். ஓரத்தில் கடித்தால் மறுபடி உடையுமாம். அதைப் பார்க்கப் பல்லில் நிறம் தடவிச் சுற்ற வேண்டும். அவளிடம் இருந்த பெயின்ட் தீர்ந்துபோனது. மஞ்சளைக் கிரீஸில் குழைத்துத் தடவினாள்.

எதிர்வீட்டுப் பொன்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இரும்புக்கு மஞ்ச பூசி என்ன மந்திரம் போடுத?"

"பல்லு எங்க கடிக்குன்னு பாக்கேன் அத்தை. ஒங்கள கடிக்காது."

பொன்செல்வி சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் அவள் மகளுக்கு நெருளிலிருந்து வந்த சம்பந்தம் முறிந்திருந்தது. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. மறுநாள் தங்கமயில் வெளியே போயிருந்தபோது, திறந்து கிடந்த ஆக்சிலுக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். வினையை முறிக்கிறாளாம், குழாயடியில் அவளே சொன்னாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பல்லெல்லாம் துரு. மாட்டியிருந்த புது பேரிங் கரகரவென்றது.

தங்கமயில் எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ உட்கார்ந்தாள். அவள் அப்பன், என் மகன் தங்கசாமி, தன் மளிகைக்கடையிலிருந்து வந்தான்.

"போயி பொன்செல்விகிட்ட மன்னிப்பு கேளு."

"ஊத்துனது அவங்க. நான் கேக்கணுமா?"

"சந்துல ஒருத்தனும் கடைக்கு வரமாட்டேங்கான். மன்னிப்பு கேளு, இல்லைன்னா இந்த இரும்பு வெளிய போவும்."

"போவும்ப்பா. கட்டி முடிச்சதும் நானும் அதோட போறேன்."

"ஏல, பெத்த பிள்ளைய நம்ப மாட்ட, உப்ப நம்புவியா?" என்று நான் கேட்டேன். அவன் மேலறைக்கு ஏறிப் போனான்.

பேரிங்கை மாற்றி, துருவைத் தேய்த்து, முதலிலிருந்து கட்டினாள். மறுபடியும் மஞ்சள்தான் கேட்டாள். டப்பாவோடு கொடுத்தேன். வாசல் கதவையும் விரியத் திறந்து வைத்தேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. பல்லின் நடுவில் தடம் விழுந்தது. போட்டோ எடுத்து அஷ்வத்துக்கு அனுப்பினாள். ஆக்சிலோடு நீயும் வந்துவிடு என்று பதில் வந்தது.

தள்ளுவண்டி வந்த அன்று தங்கசாமி மேலறையிலிருந்து இறங்கவில்லை. "எப்பா, வாரேன்" என்று கீழிருந்து சொன்னாள். துணிப்பையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டினாள். என் கையைப் பிடித்தாள், கிரீஸ் ஒட்டியது. வண்டிக்காரனோடு தானும் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

சந்தின் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் பொன்செல்வி.

"நவுருங்க அத்தை. வண்டிக்கு பிரேக் கெடையாது."

பொன்செல்வி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். என் பேத்தி போனாள்.