அக்காவும் மானிஸ் என்ற குதிரையும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் பெற்றிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்காவின் வாழ்க்கையை நான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன், எழுந்து போனேன், மறுபடி உட்கார்ந்தேன். ஓரிடத்தில் நிற்காத ஒருவரைத் தாளில் நிறுத்துவது எளிதாக இல்லை.

அக்கா பாலோவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்பா பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டப் போனார். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா பத்து பாகாட்டில் ஒரு தையல் ஆலைக்கு வேலைக்குப் போனார். பிறகு மூவாரில் ஒரு தளவாடக் கடை, பிறகு சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை. எந்த வேலையிலும் நீண்ட நாள் தங்கியதில்லை. திருமணமாகிச் சில ஆண்டுகளிலேயே மாமா சாலை விபத்தில் போய்விட்டார். குழந்தைகள் இல்லை. அதன் பிறகு அக்காவின் கால்கள் இன்னும் வேகமெடுத்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோயிலில் தீபாராதனை முடிவதற்குள் செருப்பைத் தேடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நின்றபடியே சாப்பிடுவார். தேநீர் கலந்து கொண்டுவருவதற்குள் வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்கும்.

கடைசியாக அவர் நிலைத்த தொழில், குளுவாங்கில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. ஆசிரியரை மலாயில் அழைப்பதுபோலச் சிக்கு, சிக்கு என்று மாணவர்கள் அழைப்பார்கள். அவரிடம் அழாமல் லைசன்ஸ் எடுத்தவர்கள் குறைவு. ஆனால் அவரிடம் பழகியவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் இன்றைக்கும் வண்டியைத் திருப்புவதில்லை.

அந்த வேகத்தில் அதிகம் அடிபட்டவர் என் மனைவி கலா. கலா எதையும் நிதானமாகச் செய்பவர். "கலா வெங்காயம் நறுக்கி முடிக்கிறதுக்குள்ள நான் மலாக்கா போய்ட்டு வந்துடுவேன்லா" என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். கலாவும் சிரிப்பார். நாளடைவில் அக்கா வரும்போது ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு கலா பின்பக்கம் போய்விடுவது வழக்கமாயிற்று.

அக்காவிடம் கார் பழகிய ஒரு பெண்ணின் தந்தை ஹாலிம். பாலோவுக்கு வெளியே ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஆடுகள் வளர்ப்பவர். பெரியவரை அழைக்கும் மலாய் முறையில் நாங்கள் பாக்சிக் என்றுதான் அழைப்போம். அவர் ஒரு பெண் குதிரையைக் குட்டியாக வாங்கி, பழக்க நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தார். முதுகில் யாரும் ஏறியதில்லை. கயிறு பட்டாலே மிரளும். பெயர் மட்டும் மானிஸ், மலாயில் இனிப்பு. ஒரு நாள் அங்கே போன அக்கா, அந்தக் குதிரை வேலியோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பதை வெகுநேரம் பார்த்தாராம். அடுத்த வாரமே அதை வாங்கிவிட்டார். இடம் பாக்சிக்குடையது, குதிரை அக்காவுடையது என்று ஏற்பாடு.

உறவினர்களே, உங்களில் பலர் அப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள், அக்காவுக்கு இந்த வயதில் குதிரை எதற்கு என்று. எனக்கும் தெரியவில்லை. அவரிடம் கேட்டதற்கு, "அதுக்கு யாராச்சும் சொல்லிக் கொடுக்கணும்ல" என்றார்.

சொல்லிக்கொடுத்த விதம் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதம்தான். தீனியைக் காட்டி ஏமாற்றித் தலைக்கயிறு மாட்டினார். மாட்டிய சில நாட்களில், நடக்கப் பழக்கலாம் என்று தோட்டச் சாலைக்கு இழுத்துப் போனார். பாக்சிக் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி எதிரே வந்தது. மானிஸ் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்தது. அக்கா கயிற்றை விடவில்லை. இழுபட்டு விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. குதிரை செம்பனைக்குள் ஓடி, மாலையில்தான் பாரிட் என்னும் வடிகாலின் கரையில் கிடைத்தது. கயிறு காலில் சுற்றி, உடம்பெல்லாம் நுரை தள்ளி நின்றது.

மருத்துவமனையிலேயே நான் சொல்லிவிட்டேன். "வித்துடுங்கக்கா. போதும்."

"யாருகிட்ட விக்கிறது? வாங்குறவன் அடிச்சுதான் பழக்குவான்."

"உங்க எலும்பை ஒடச்ச குதிரைக்கா அது."

"அது ஒடைக்கல. கிளட்ச் எதுன்னு தெரியாத பிள்ளைய நான் ஹைவேல கொண்டுபோய் விட்டேன். தப்பு யாரோடது?"

கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்ததால் அவரால் கார் ஓட்ட முடியவில்லை. பள்ளிக்கூட வேலை முடிந்ததும் தினமும் நான்தான் பாலோவுக்கு அழைத்துப் போனேன். அதனால்தான் பின்னால் நடந்தவற்றை நேரில் பார்த்தவனாக எழுத முடிகிறது.

மானிஸ் இப்போது எவரையும் கிட்டே விடவில்லை. ஆளைக் கண்டாலே வேலியின் மறுமுனைக்கு ஓடியது. அக்கா உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று எழுதினேனே தவிர, உட்கார அவரால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலிக்கம்பியை முறுக்குவார். ஆட்டை விரட்டுவார். மறுபடி உட்கார்ந்து காலை ஆட்டுவார். ஒவ்வோர் அசைவுக்கும் குதிரை ஓடியது. வேலிக்கு வெளியே நின்ற எனக்கே பொறுமை போயிற்று. பாக்சிக் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "பெலான்-பெலான்லா, மெதுவாக, சிக்கு. நீங்கள் எழுந்தால்தான் அது ஓடுகிறது" என்று மலாயில் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா தம் காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குதிரை தூரத்திலிருந்து அந்தக் காலையே பார்க்கும். அக்கா தோளைத் தளர்த்தி மூச்சை நீளமாக விட்டால் குதிரையும் தலையைத் தாழ்த்தி வாயை மெல்லும். அதைக் கவனித்த பிறகு அவர் வேறொன்று செய்தார். குதிரை ஓர் அடி முன்னே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னோர் அடி வைத்தால் எழுந்து வெளியே வந்துவிடுவார்.

"கிட்ட வருதே, ஏன் வந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பயம் வர்றதுக்கு முன்னாடி நான் போயிடணும். அப்பத்தான் நாளைக்கு இன்னும் கொஞ்சம் வரும்."

வாரங்கள் போயின. மழை விட்ட ஒரு மாலையில் மானிஸ் நடந்து வந்து, கட்டுப்போட்டிருந்த கையை மூக்கால் தொட்டது. அக்கா அசையவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மூக்கு பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எல்லாமே மெதுவாக நடந்தது. கயிற்றைக் கழுத்தில் வைப்பார். குதிரை அமைதியாக நின்ற அந்த நொடியில் எடுத்துவிடுவார். கம்பின் நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டித் தூரத்தில் ஆட்டுவார். அது மிரளாமல் நின்றால் பை கீழே போய்விடும். என்னை வேலியோரச் சாலையில் காரை ஊரவிடச் சொல்வார். பல நாள் கழித்து, இஞ்சினைக் கொஞ்சம் சத்தமாக உறுமவிடச் சொல்வார். சேணத்தை ஒரு வாரம் தரையில் போட்டு முகர விட்டார். தோள் ஆறிய பின், முதுகில் ஏறாமல் குறுக்கே படுத்து உடம்பின் கனத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டு வேலிக்குள்ளேயே அதன்மேல் ஏறி நடக்கவிட்டார். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டார்.

"இன்னொரு சுத்து போலாமே" என்றேன்.

"நல்லா நடந்தா அதோட விட்டுடணும். இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரு தடவன்னு நான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்" என்றார் அக்கா.

அப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் வயிற்றுவலி வந்தது. சோதனைகள் செய்தார்கள். மருத்துவர் சொன்னதை என்னால் இங்கே எழுத முடியவில்லை. காரில் வரும்போது அக்கா ஜன்னலை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"தம்பி, மானிஸ் என்னைத் தவிர யாரையும் நம்பல. இப்படியே விட்டுட்டுப் போனேன்னா அதுக்கு நான் நல்லது செய்யல."

"நான் பாத்துக்கிறேன்க்கா."

"நீ வேணாம். நீ என் தம்பி, உனக்கும் கால் நிக்காது. கலாவைக் கூப்பிடு."

கலா நம்பவில்லை. "நானா? அண்ணி என்னைக் கிண்டல் பண்றாங்களா?" என்றார். நாயைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர் அவர். ஆனாலும் மறுநாள் வந்தார். ஏன் வந்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

அக்கா வேலிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கலா உள்ளே வாளியின்மேல் உட்கார்ந்தார். அவருக்குச் சும்மா உட்கார யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பயம் இருந்தது, அந்தப் பயம் குதிரைக்குத் தெரிந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியாமல், "கையைக் கீழ போடு கலா. தோள், தோள்" என்றார். குதிரை விலகி ஓடியது.

கலா திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "அண்ணி, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க. நீங்க பாத்தா எனக்குக் கை நடுங்குது. அதுக்கும் தெரியுது."

அக்காவிடம் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என்ன நடக்குமோ என்று நின்றேன். அக்கா எழுந்து, நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதன்பின் தினமும் அப்படித்தான். தமக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்காமல், போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பை முறுக்கியபடி இருப்பார். வீட்டுக்கு வரும் வழியில் கலா நடந்ததைச் சொல்வார். அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அந்தக் கார்ப் பயணங்களில்தான்.

ஆண்டுக் கடைசி மழை விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல் பாக்சிக் கூப்பிட்டார். பாரிட் நிரம்பிவிட்டது, ஆடுகளை மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம், குதிரை என்னைக் கிட்டே விடவில்லை என்றார். அக்கா படுக்கையிலிருந்து எழுந்தார். வர வேண்டாம் என்று நாங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

வேலிக்கும் சாலைக்கும் இடையே உள்ள பாதை நடுவில் பள்ளம். அங்கே கலங்கிய நீர் முழங்காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. காரைச் சாலையில் நிறுத்தினேன். கலா இறங்கி நீரில் நடந்து போய், மானிஸின் முன்னால் நின்றார். உடனே கயிறு மாட்டவில்லை. நின்றார். "சீக்கிரம் கலா" என்று கத்தினேன். பாக்சிக்கும் கத்தினார். கயிறு மாட்டிக் கலா நீர் விளிம்புக்கு வந்ததும், அக்கா ஜன்னலை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சின்னச் சத்தத்துக்கே குதிரை காதைத் திருப்பி, பாதையை விட்டுப் பாரிட் பக்கமாகக் காரை நோக்கி இழுத்தது. கலா சறுக்கினார்.

அக்கா ஜன்னலை ஏற்றிவிட்டு, குதிரையின் கண்ணில் படாதபடி இருக்கையில் சரிந்து படுத்துக்கொண்டார். "நீயும் வாயை மூடு. அவளை விடு" என்றார் என்னிடம்.

மானிஸ் ஒரு காலை நீரில் வைத்து எடுத்தது. கலா அதைப் பின்னால் போக விட்டார். மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. நீர் ஏறிக்கொண்டே இருந்தது. "எங்க வருது? எங்க வருது?" என்று அக்கா கீழிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். "நிக்குது", "இறங்கிடுச்சு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் மிதந்து வந்து குதிரையின் மேல் இடித்தது. அது தலையை உயர்த்தி நடுங்கியது. கலா கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு இருவரும் நடந்து மேட்டுக்கு வந்தார்கள்.

அக்கா கதவைத் திறந்தார், எழுந்து நிற்க முடியவில்லை. கலா குதிரையைக் கார் வரைக்கும் கூட்டிவந்தார். அக்கா மானிஸின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, கலாவைப் பார்த்து, "தலையைத் துவட்டு முதல்ல. சளி பிடிச்சுக்கும்" என்றார்.

பொங்கலுக்குப் பிறகு அக்கா படுத்த படுக்கையானார். எங்கள் வீட்டில்தான் இருந்தார். தினமும் மாலையில் கலா பாலோவிலிருந்து வந்ததும் கேட்பார். கடைசி மாலையிலும் கேட்டார்.

"இன்னிக்கு என்ன செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல அண்ணி. பக்கத்துல வந்து சும்மா நின்னுச்சு."

"போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் பிரிந்தார்.

அக்காவின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்குகளில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும் கோயில் நண்பர்களுக்கும், சிக்கு என்று அழைத்தபடி வந்து கண்ணீர் விட்ட மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. தம் நிலத்தை இன்றும் மானிஸுக்காக விட்டிருக்கும் பாக்சிக்குக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் இந்த நேரத்திலும் அவர் பாலோவில்தான் இருக்கிறார். அவருக்கு அக்கா வாயால் நன்றி சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. கலா, இந்த மலர் அச்சாகி உன் கைக்கு வரும்போது இதைப் படிப்பாய். எங்கள் இருவரின் நன்றியும் உனக்கு.