கதவு திறக்கும்வரை காத்திருந்த மந்திரக்காரி

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் பனி வாரும் வண்டி ஓட்டிய வெர்லின் ஹாகனுக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. டாட் சோப்சாக் என்பவளின் காமிக்ஸ் கடையில், புதன்கிழமை மேஜையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. புதன்தான் புது இதழ்கள் வரும் நாள். கடை மூடியதும் பழைய வாடிக்கையாளர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எந்த நாயகன் எவனை வெல்வான் என்று வாதாடுவார்கள். மணல் கடிகாரம் இறங்கி முடிவதற்குள் ஒவ்வொரு கட்சியும் பேச வேண்டும்; பிறகு பிடித்த கட்சியின் குவளையில் ஆளுக்கொரு சோடா மூடியைப் போட்டு ஓட்டளிப்பார்கள். வெர்லினுக்கு எதிர் நாற்காலி ராலி மாட்சனுடையது. அவன் கொதிகலன் பழுது பார்ப்பவன், வாய் ஓயாதவன்.

இருவருக்கும் இருபது வருஷமாக ஒரே சண்டை. விஞ்ஞானத்துக்கு விதி உண்டு, மந்திரத்துக்கு இல்லை, ஆகவே எந்தக் கவசத்தையும் மந்திரம் துளைத்துவிடும் என்பது ராலியின் கட்சி. பேரைப் பார்க்காதே, அது என்ன செய்கிறது என்று பார். சுடுவது எல்லாம் நெருப்புத்தான், மந்திரவாதி கொளுத்தினாலும் சரி, இயந்திரம் கொளுத்தினாலும் சரி என்பது வெர்லினின் கட்சி. பெரும்பாலும் ராலிதான் ஜெயிப்பான். வெர்லின் அடுத்த புதனும் அதே வாதத்தோடு வருவான்.

அக்டோபரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போனது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை, கேட்டதெல்லாம் புரிந்தது. சொல்தான் வரவில்லை, வந்தால் வேறு சொல்லாக வந்தது. பார்க்க வந்தவர்கள் அவன் காது கேளாதவன் போலக் கத்திப் பேசினார்கள். அவன் மனைவி ஜாய்ஸ் மட்டும் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். சட்டை மாட்டும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். அவன் சொல் தேடும்போது எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டாவதுதான் கஷ்டம். அதற்காக அவள் வாயில் ஒரு புதினா மிட்டாயை அடக்கிக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சீப்புப் படத்தைக் காட்டினால் ஏணி என்பான். ஒருநாள் எரிச்சலில் அட்டைகளைத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன காமிக்ஸைத் திறந்து வைத்தான். நாயகன் என்ன செய்கிறான் என்று அவள் கேட்டாள். "அடிக்கிறான்," என்றான். "பறக்கிறான்." செயலைச் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பிப்ரவரியில் கடைக்குப் போனான். ஹீட்டர் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்றை டாட் வைத்திருந்தாள். இனி அவன் வாதாட வேண்டாம், நடுவராக இருந்தால் போதும் என்றாள். அவன் தலையாட்டி மறுத்து, தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அன்றைய மோதல், ஆய்வுக்கூடத்தில் செய்த எஃகுக் கவசம் அணிந்த உலைக்காரனுக்கும் மூடுபனி ராணி என்ற மந்திரக்காரிக்கும். வெர்லின் திக்கித் திணறி இரண்டு சொல் சொன்னான். வாழ்நாளில் எதையும் ஒத்துக்கொள்ளாத ராலி கையைத் தூக்கினான்.

"சரிப்பா, நீ சொல்றதுதான் சரி. நான் ஒத்துக்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஓட்டுக்காக வைத்திருந்த சோடா மூடிகள் வெர்லினின் குவளையில் விழுந்தன. அவன் முகம் சிவந்தது. குவளையைக் கவிழ்த்து மூடிகளைக் கொட்டினான். சுவரில் தொங்கிய அட்டையை இடது கையால் காட்டினான். ராலியே எழுதிய விதி: ஒருத்தன் முழு பலத்தைக் காட்டாமல் கையை அடக்கிச் சண்டை போட்டால் அந்தச் சண்டை கணக்கில் வராது.

"ராலி... கைய... அடக்கிட்ட," என்றான். "செல்லாது."

டாட் மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். சட்டம் சட்டம்தான், அடுத்த புதன் மறுபடி நடக்கும் என்றாள். அதிலும் ராலி இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால், வாதாடும் நாற்காலி தனக்குப் போனது போனதுதான் என்று வெர்லினுக்குத் தெரியும்.

வாரம் முழுக்கச் சமையலறை மேஜையில் பயிற்சி. அவசரப்பட்டால் சொல் சிக்கிக்கொள்வதை ஜாய்ஸ் கவனித்தாள். அதனால் சொல்லைக் குறைத்து, படத்தைப் பேசவிடுவது என்று முடிவானது. அவன் ராணி வரும் இதழ்களையெல்லாம் பரப்பித் தேடினான். வெள்ளிக்கிழமை தேடிய பக்கம் கிடைத்ததும் மேஜையை ஓங்கித் தட்டினான். ஜாய்ஸ் காப்பியைச் சிந்திவிட்டாள்.

புதன் வந்தது. அந்த வாரத்தில் யார் என்ன சொன்னார்களோ, ராலி இரக்கம் பார்க்கவில்லை.

"டேய் வெர்லின், மணல் இறங்குறதுக்குள்ள நீ என் பேரைச் சொல்லி முடிச்சாலே பெருசுடா."

முதலில் சிரித்தது வெர்லின்தான். அக்டோபரிலிருந்து அவன் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

ராலி வெளுத்து வாங்கினான். மந்திரத்துக்கு எஃகும் ஒன்று, வெண்ணெயும் ஒன்று என்றான். டாட் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். வெர்லின் செத்த கையைத் தாளின்மேல் பாரமாக வைத்து, இடது கையால் இதழை விரித்தான்.

"கதவு," என்றான்.

படத்தில் மூடுபனி ராணி ஒரு மூடிய இரும்புக் கதவின் முன் நின்றிருந்தாள். அடுத்த கட்டத்தில் காவலன் கதவைத் திறக்கிறான். அதற்குப் பிறகே அவள் மந்திரம் உள்ளே பாய்கிறது.

"நிக்கிறா. எல்லாத்தையும்... துளைக்கும்னா..." சொல் நின்றுவிட்டது. மணல் இறங்கியது. வாசலருகே ஜாய்ஸ் மிட்டாயைக் கடித்தாள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "கதவு எதுக்கு?"

மேஜையைச் சுற்றி ஒரு முனகல் எழுந்தது. ராலி சளைக்கவில்லை.

"அவ ராணிடா. கதவைத் திறந்துவிட்டாத்தான் உள்ள போவா. மரியாதை தெரிஞ்சவ."

கடையே சிரித்தது. வெர்லின் நிதானமாக ஒரு பக்கம் பின்னால் புரட்டினான். அதில் அதே ராணி ஒரு ஊரையே கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"மரியாதை?" என்றான்.

இந்த முறை எழுந்த சிரிப்பு ராலியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் அவன் தன் மூடியைத் தன் குவளையிலேயே போட்டான். இன்னும் சிலரும் அவன் பக்கம் போட்டார்கள், மனசாட்சிப்படி. டாட் இரண்டு குவளைகளையும் கொட்டி எண்ணினாள். வெர்லின் ஒரே ஒரு மூடியில் ஜெயித்திருந்தான்.

அடுத்த வாரம் பார்த்துக்கொள்வதாக ராலி உறுமினான். வெர்லின் எழுந்து, ஹீட்டர் பக்கம் இருந்த மெத்தை நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்து வந்து அவன் முன்னால் வைத்தான்.

"உக்காரு," என்றான். சொல் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. "நடுவரா இரு."